கருடசேவைச் சுருள்

"என் வீட்டுக்காரரோட மொத சம்சாரத்தை நான் அடுப்புல போட்டுக் கொளுத்திட்டேன்னு சொல்றாருங்க."

வந்த அம்மாள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். சாமுவேலின் கையிலிருந்த காபி டம்ளர் சாய்ந்து வேட்டியெல்லாம் நனைந்தது. காசிநாதன் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உட்காருங்கம்மா. அவங்க எப்ப இறந்தாங்க?"

"ஆச்சுங்க, முப்பத்தெட்டு வருஷம்."

சாமுவேல் மூச்சு விட்டான்.

காசிநாதன் சென்னையில் ஒரு தீ இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த பஞ்சுக் கிடங்கு, எரிந்த மண்டி, எரிந்த சினிமாக் கொட்டகை என்று சாம்பலுக்கு நடுவிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வந்த பிறகும் ஊர்க்காரர்கள் அவரைச் சும்மா விடவில்லை. காணாமல் போன நகையிலிருந்து கள்ளக் கையெழுத்து வரை அவர் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் சாமுவேல், காலை வகுப்பு முடிந்ததும் இங்கே ஓடிவந்துவிடுவான். முப்பது வயதாகியும் கல்யாணத்தைப் பற்றி யோசிக்காதவன், குற்றங்களைப் பற்றி ஓயாமல் யோசிப்பான்.

வந்த அம்மாளின் பெயர் தேவகி. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் கோதண்டபாணியின் மனைவி. ஒரே மகள் வடிவை ஆரணியில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

"அவரு சின்ன வயசுல மெட்ராஸ்ல ஒரு சினிமா கம்பெனியில வேலை செஞ்சவருங்க. பேசாத படம் எடுத்தாங்களே, அந்தக் காலம். கையால சுத்துற கேமரா. நம்ம ஊர்க் கருடசேவைக் கூட்டத்தைப் படம் புடிக்கணும்னு கம்பெனிக்காரங்க இவரை அனுப்பியிருக்காங்க. அந்தக் கூட்டத்துல பெரியநாயகி நின்னுக்கினு இருந்திருக்கா. இவருக்குப் பரிசம் போட்ட பொண்ணு. கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சா. அதோட சரி. கண்ணாலம் கட்டிக்கினு ரெண்டாம் வருஷம் காய்ச்சல்ல போயிட்டா. கம்பெனியை மூடுறப்ப அந்தச் சுருளை இவரு கேட்டு வாங்கி வச்சுக்கினாரு."

"அதை வீட்டில் போட்டுப் பார்ப்பாரா?"

"பார்ப்பாராவா?" தேவகி மேஜைமேல் கையை ஊன்றினாள். "அவ திதி வந்தா போடுவாரு. மனசு சரியில்லைன்னா போடுவாரு. எங்கூடச் சண்டைன்னா கட்டாயம் போடுவாரு. ரூம்ல வெள்ளை வேட்டியைக் கட்டி, ஜன்னலைச் சாத்திக்கினு, படம் ஓட்டுற கைமிஷினைக் கடகடன்னு சுத்துவாரு. நான் சமையல்கட்டுல உக்காந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கினு இருப்பேன். இருபத்தெட்டு வருஷமா கேட்டிருக்கேங்க. 'என்னைப் பார்த்துச் சிரிச்சா, என்னைப் பார்த்துச் சிரிச்சா'ன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. அவ அன்னிக்கு அரக்குப் புடவை கட்டியிருந்தாளாம். படத்துல கறுப்பாத்தான் தெரியும்னாங்க. ஆனா எனக்கு இன்னி வரைக்கும் ஒரு அரக்குப் புடவை எடுத்துக் குடுத்ததில்லை, சாயக்காரர் பொண்டாட்டி எனக்கு!"

"நீங்க அந்தப் படத்தைப் பார்த்திருக்கீங்களா?"

"ஒரு தரம்கூட இல்லை. எதுக்குப் பார்க்கணும்? உயிரோட இருக்கிறவளா இருந்தா முடியைப் புடிச்சு இழுக்கலாம். கிழவியானா அழகு போச்சுன்னு ஆறுதல் பட்டுக்கலாம். அவ கிழவியாவறதே இல்லைங்களே."

காசிநாதன் மெதுவாகக் கேட்டார். "வெள்ளிக்கிழமை என்ன நடந்தது?"

"வைகாசியில கருடசேவை வருதில்லீங்களா, அப்போ பொருட்காட்சியில இந்தப் படத்தைக் காட்டறதா ஏற்பாடு. போட்டோ ஸ்டூடியோ பூவராகவன்தான் முன்னால நின்னு செய்யறாரு. அவரும் இவரும் சின்ன வயசுச் சிநேகம். வியாழக்கிழமை காலையில டவுன்ல ஒரு தியேட்டர்ல போட்டுப் பார்த்தாங்க. வந்தவரு சுருள் டப்பாவை என் கையில குடுத்து அலமாரியில வைன்னாரு. வச்சேன். வெள்ளிக்கிழமை சமைச்சு வச்சுட்டுக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தா, சமையல்கட்டுல இவரு காலி டப்பாவை வச்சுக்கினு நிக்கிறாரு. அடுப்புல என்னமோ கருகிக் கெடக்குது. 'போட்டுட்டுத்தானே கோயிலுக்குப் போனே?'ன்னாரு. ஐயம்பேட்டையிலேர்ந்து எங்க அண்ணனை வரவழைச்சு, நடுத்தெருவுல நிக்க வச்சு, 'உன் தங்கச்சியைக் கூட்டிக்கினு போ'ன்னு சொன்னாருங்க."

"அவர் ஏன் உங்களைச் சந்தேகப்படுகிறார்?"

தேவகி நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் அதை அடுப்புல போடுறேன் பாருன்னு நான் கத்தியிருக்கேன். தெருவே கேட்டிருக்குது. பொய் சொல்ல மாட்டேங்க ஐயா. போடணும்னு நெனைச்சிருக்கேன். பல தரம். ஆனா போடலை."

அவள் எழுந்து போன பிறகு சாமுவேல் சொன்னான். "சார், இவங்களேதான். கோபத்தில் செய்துவிட்டு இப்போது பயப்படுகிறார்கள்."

"நெனைச்சதை ஒத்துக்கிறவங்க செஞ்சதை மறைக்கிறது கொஞ்சம் அபூர்வம்," என்றார் காசிநாதன். "செருப்பைப் போட்டுக்கோ. முதல்ல அடுப்பைப் பார்ப்போம்."

கோதண்டபாணியின் வீட்டில் சமையல்கட்டு தனியாகப் பின்கட்டில் இருந்தது. மேலே பனையோலைக் கூரை. நின்றால் தலை தட்டும் உயரம்தான். மண் அடுப்பை ஒட்டிச் சுவரில் ஒரு முறமும் ஓலை விசிறியும் மாட்டியிருந்தன. காசிநாதன் விசிறியை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கூரையின் அடிப்பக்கத்தைத் தடவி விரலைப் பார்த்தார். பல வருஷத்துப் புகைக்கரி. அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

கருகியதை ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தார்கள். வெல்லப்பாகு கொட்டி இறுகியது போல ஒரு கறுப்புக் கட்டி. அதன் ஓரத்தில் உருகாத துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. காசிநாதன் அதில் நகத்தளவு கிள்ளி எடுத்தார். கொல்லைப்புறத்துக்குப் போய்க் குச்சியால் பிடித்துக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். துண்டு சுருங்கி, உருகி, ஒரு சொட்டாகக் கீழே விழுந்தது. தீக்குச்சியை எடுத்ததும் அணைந்துவிட்டது.

"எரிகிறது சார்," என்றான் சாமுவேல்.

"அணைஞ்சுபோச்சு. அதையும் பார்த்துக்கோ."

சாயப்பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சாயக் கொப்பரைகளுக்குக் கீழே சாம்பல் குளிர்ந்து கிடந்தது. நூல் உலர்த்தும் மூங்கில்கள் வெறுமையாக நின்றன. முதல் மனைவியின் படம் போனதிலிருந்து கோதண்டபாணி வேலையை நிறுத்திவிட்டாராம். இருந்தாலும் வேலையாள் கலியன் மூலையில் பதித்திருந்த சால் என்ற பெரிய மண்பானையைச் சுற்றிலும் கொட்டியிருந்த மணலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சாலின் வாய் மரப்பலகையால் மூடியிருந்தது.

"வேலைதான் இல்லையே, இது எதுக்குப்பா?" என்று கேட்டார் காசிநாதன்.

"மொதலாளி சொல்லிட்டாருங்க. பட்டறை மூடியிருந்தாலும் மணலு காயக்கூடாதாம். காலையில ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம்."

உள்ளேயிருந்து கோதண்டபாணி வந்தார். அறுபதைத் தாண்டியவர். நரைத்த தாடி சில நாளாக மழிக்கப்படவில்லை. விரல்களில் சாயம் ஏறி நகமெல்லாம் ஊதாவாக இருந்தது.

"வெயில் கடுமையா இருக்குது. அந்தச் சால்ல ஒரு சொம்பு தண்ணி மொண்டு தரச் சொல்லுங்களேன்," என்றார் காசிநாதன்.

"அது குடிக்கிற தண்ணி இல்ல," என்றார் கோதண்டபாணி சட்டென்று. வீட்டுப் பக்கம் திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிச் சத்தம் போட்டார். பிறகு, "என் சம்சாரம் உங்களைக் கூட்டியாந்திருக்காளாக்கும். இன்னும் என்னத்தைக் கண்டுபுடிக்கப் போறீங்க?" என்றார்.

"படத்தைப் பத்திக் கேட்கலாம்னுதான். அந்த அம்மா உங்களைப் பார்த்துச் சிரிச்சாங்களாமே?"

கோதண்டபாணியின் தாடை ஒருமுறை அசைந்தது. "அவ யாரைப் பார்த்துச் சிரிச்சிருந்தா இப்போ என்ன? சாம்பலைக் கேட்டா சொல்லுமா?"

தண்ணீரைக் குடித்துவிட்டுக் காசிநாதன் எழுந்துகொண்டார். தெருவுக்கு வந்ததும் சாமுவேல், "பாவம் சார், மனிதர் உடைந்துபோய்விட்டார்," என்றான். காசிநாதன் நடையை எட்டிப் போட்டார்.

பூவராகவனின் ஸ்டூடியோ ராஜவீதிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. மெலிந்த உடம்பு, சுத்தமாக வாரிய வெள்ளைத் தலை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் மேஜைக்குப் பின்னால் ஊரின் மூன்று தலைமுறை மாப்பிள்ளை பெண்கள் சட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தேவகியம்மா அப்படிச் செய்யறவங்க இல்லைங்க," என்றார் அவர். "கத்துவாங்க. நல்லாக் கத்துவாங்க. ஆனா கோதண்டத்துக்கு உடம்புக்கு வந்தா ராத்திரி பகல் பார்க்க மாட்டாங்க. நாப்பது வருஷமா நான் அந்த வீட்டுல சாப்பிட்டுக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"வியாழக்கிழமை தியேட்டரில் என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலையே. அம்மாம்பெரிய திரையில நானும் அதை மொத மொதல்ல அன்னிக்குத்தான் பார்த்தேன். வேட்டித் துணியில பார்க்கிறதுக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! கருட வாகனம், தீவட்டி, பூக்கடை, ஜனங்க மூஞ்சி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரிஞ்சுது. பெரியநாயகி வர்ற இடத்துல தரையில எங்க நிழல்கூட விழுந்திருந்துச்சு. மூணு காலோட கேமரா நிழல், பக்கத்துல வட்டமாக் குடை நிழல். கேமராமேல வெயில் படக்கூடாதுன்னு அன்னிக்கு நான்தான் குடை புடிச்சேன். 'கோதண்டம், நான் நிக்கிறேன் பாருப்பா'ன்னேன். அவன் பாதியிலேயே எழுந்து வெளியில போயிட்டான். மனசு தாங்கலை போலன்னு விட்டுட்டேன்."

"நாற்பது வருஷம் கழிச்சும் குடை பிடிச்சது நினைவிருக்கே."

"மறக்குமாங்க? வைகாசிக் காத்து. குடையை நான் புடிச்சேனா, குடை என்னைப் புடிச்சுதான்னு தெரியலை. மானமே போயிடுச்சு." பூவராகவன் சிரித்தார். பிறகு கேட்காமலே ஒன்று சொன்னார். "எங்க வீட்டுலயும் பெரியநாயகியைக் கேட்கிறதா இருந்தாங்க. அதுக்குள்ள கோதண்டத்துக்கு முடிஞ்சுபோச்சு."

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். அப்பவே தெரியும்."

படி இறங்கும்போதே சாமுவேல் காசிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டான். "முடிந்தது சார்! பூவராகவன்தான். காதலித்த பெண் நண்பனுக்குப் போய்விட்டாள். நாற்பது வருஷமாக வயிற்றெரிச்சல். ஊர் முழுக்கப் பார்க்க அவளை இன்னொருவன் மனைவியாகக் காட்டப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தேவகியம்மாள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து..."

"ஊரெல்லாம் பார்க்கணும்னு ஏற்பாடு செஞ்சதே அவர்தானே?"

சாமுவேல் இரண்டு படி இறங்கினான். "அப்போது யார் சார்?"

"மறுபடியும் பிள்ளையார்பாளையத்துக்குப் போவோம். பூவராகவனையும் கூப்பிட்டுக்கோ. போற வழியில ரெண்டு கோணிப்பை வாங்கிக்கணும்."

பட்டறையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். கலியனை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. தேவகி வாசற்படியிலேயே நின்றாள். கோதண்டபாணி அவளையும் பார்க்கவில்லை, பூவராகவனையும் பார்க்கவில்லை.

காசிநாதன் தட்டிலிருந்த கறுப்புக் கட்டியை நடுவில் வைத்தார்.

"நான் மெட்ராஸ்ல ஒரு சினிமாக் கொட்டகை எரிஞ்சதைப் பார்க்கப் போனேன். அந்தக் காலத்துப் படச்சுருள் அங்க ஒரு டப்பாவுல தீப்பிடிச்சிருந்தது. பேசாத படத்துக்கு வாசிச்ச வாத்தியக்காரங்க எழுந்து ஓடறதுக்குள்ள கொட்டகை போயிடுச்சு. அந்தச் சுருள் வெடிமருந்துக்குப் பங்காளி. உருகாது, குபீர்னு எரிஞ்சு போயிடும். தண்ணியைக் கொட்டினாலும் அணையாது. இப்ப வர்ற படச்சுருள் அப்படியில்லை. நெருப்பைக் காட்டினா சுருங்கும், உருகும், நெருப்பை எடுத்தா அணைஞ்சுடும். இந்தத் துண்டுல ஒரு கிள்ளு எடுத்து நான் கொளுத்திப் பார்த்தேன். சாமுவேலும் பார்த்தான்."

"அணைந்துவிட்டது!" என்றான் சாமுவேல். அவன் குரல் கீச்சிட்டது.

"ஆமாம். இது கருடசேவைப் படம் இல்லை. ஏதோ பழைய விளம்பரப் படத்துத் துண்டு. சந்தையில எடைபோட்டு விக்கிறாங்க. நிஜச்சுருளை அந்த அடுப்புல போட்டிருந்தா ஓலைக் கூரை இருந்திருக்காது. அடுப்புப் பக்கத்துல இருந்த விசிறிகூடக் கருகலை. அப்போ செஞ்சவருக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கு. நிஜச்சுருளைக் கொளுத்தினா வீடு போயிடும்னு தெரியும். எதைக் கொளுத்தினா வீடு போகாதுன்னும் தெரியும். தேவகியம்மா, உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? எல்லாம் ஒண்ணுன்னுதான் நெனைச்சேன்."

"தெரிஞ்சவங்க இந்த ஊர்ல ரெண்டே பேர். பூவராகவனுக்குத் தெரியும். சுருளைத் திருடணும்னா திருடிட்டுப் போயிருப்பார், கொளுத்தினதா நாடகம் ஆட வேண்டியதில்லை. சுருளே இனிமே இல்லைன்னு எல்லாரும் நம்பணும், யாரும் கேட்கக்கூடாது, யாரும் பார்க்கக்கூடாது. அப்படி நெனைச்சவர் வேற ஒருத்தர்." காசிநாதன் திரும்பினார். "வியாழக்கிழமை நீங்க உங்க சம்சாரத்துக்கிட்டக் குடுத்தது டப்பாவைத்தான். உள்ளே சுருள் இருந்ததுன்னு அவங்க பார்க்கலை. இல்லீங்களா, கோதண்டபாணி?"

கோதண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பது வருஷமா 'என்னைப் பார்த்துச் சிரிச்சா'ன்னு சொன்ன மனுஷர், நான் கேட்டப்போ 'யாரைப் பார்த்துச் சிரிச்சிருந்தா என்ன'ன்னார். வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவுல ஒரு வார்த்தை மாறிப்போச்சு. பெரிய திரையில அந்தப் பொண்ணோட கண்ணு தெரிஞ்சுது. அது கேமராவைப் பார்க்கலை. கொஞ்சம் தள்ளி, குடை நிழல் விழற பக்கம் பார்த்தது. அந்தக் குடையைப் பிடிச்சவர் யாருன்னு அந்த நேரம் பார்த்து அவரே வாய்விட்டுச் சொல்லிட்டார்."

பூவராகவன் எழுந்து நின்றார். "கோதண்டம்!"

"உக்காருப்பா," என்றார் கோதண்டபாணி. "உன்னைத்தான் பார்த்தா. அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாப்பது வருஷம் உன்னைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்பை என் வீட்டுல வச்சுக் கும்புட்டுக்கினு இருந்திருக்கேன். நீ என் எலையில உக்காந்து சாப்பிட்டுக்கினு இருந்திருக்கே."

"சுருள் எங்கேன்னு நான் கேட்கலை," என்றார் காசிநாதன். "பழைய சுருள் சூட்டுல இருக்கக்கூடாது, குளிர்ச்சியா வச்சிருக்கணும். பட்டறையே மூடிக் கெடக்குது, மணல் மட்டும் ரெண்டு வேளையும் ஈரமா இருக்கணும். உங்களால அவங்களைக் கொளுத்த முடியலை. எடுத்துக்கினு வாங்க."

கோதண்டபாணி எழுந்தார். பலகையை நகர்த்தி, சாலுக்குள் கைவிட்டு, மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். சாலுக்குள் தண்ணீரே இல்லை.

தேவகியின் கை கதவைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துச் சாமுவேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

காசிநாதன் சுருளின் ஒரு பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். முன்னால் போனார், பின்னால் வந்தார். பிறகு, "இதை ஓட்டிப் பார்க்கணும்," என்றார்.

வீட்டு அறையில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். வேட்டியைக் கட்டினார்கள். தீப்பிடித்தால் வீட்டுக்குப் பரவாமலிருக்கக் கைமிஷினுக்குப் பக்கத்தில் கோணிப்பைகளை நனைத்து வைத்து, ஒரு வாளி மணலும் கொண்டுவந்து வைத்தார் காசிநாதன். கோதண்டபாணி கைமிஷினைத் தொடவில்லை. அதனால் பூவராகவன் கைப்பிடியைப் பிடித்தார்.

"கோதண்டபாணி, ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவை அவங்களைப் பார்க்காதீங்க. சுத்தி நிக்கிறவங்களைப் பாருங்க," என்றார் காசிநாதன்.

வெள்ளைத் துணியில் கூட்டம் வந்தது. தலைகள், தலைகள், தலைகள். தூரத்தில் கருட வாகனம் அசைந்து அசைந்து வந்தது. விசிறியோடு ஒருவர் ஓடினார். கூடைக்காரி ஒருத்தி கேமராவைப் பார்த்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு வரிசை ஜனம். முன்னால் தரையில் மூன்று கால் நிழல், பக்கத்தில் வட்ட நிழல். வரிசையின் நடுவில் கறுப்புப் புடவையில் ஒரு பெண்.

வட்ட நிழல் துடித்தது. ஒரு பக்கம் இழுபட்டது. சட்டென்று மல்லாந்து, கிண்ணம் போல மேலே பிய்த்துக்கொண்டு போனது. அப்பா தோளில் உட்கார்ந்திருந்த குழந்தை முதலில் கையை நீட்டியது. அப்பா திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்து சிரித்தார். பூக்காரி சிரித்தாள். நாமம் போட்ட ஒரு கிழவர் பொக்கைவாயைத் திறந்து சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணும் அதே பக்கம் திரும்பி, எல்லாரோடும் சேர்ந்து, சிரித்தாள்.

அந்த இடத்தில் கைமிஷினின் சத்தம் கொஞ்சம் நிதானமானது. பிறகு பழைய வேகத்துக்கு வந்தது.

"குடை மல்லாந்துச்சு," என்றார் காசிநாதன். "அவ்வளவுதான். அந்த வரிசையில சிரிக்காதவங்க ஒருத்தர்கூட இல்லை. உங்க கண்ணு நாற்பது வருஷமா ஒரு முகத்தை விட்டு நகரலை. அதனால பக்கத்து முகம் எதையும் நீங்க பார்க்கவேயில்லை."

கோதண்டபாணி முகத்தை மூடிக்கொண்டார். சாயம் ஏறிய விரல்களுக்கு இடையிலிருந்து, "யாரையும் பார்க்கலையா? அப்போ என்னையும் பார்க்கலை," என்று முனகினார்.

"இன்னொரு தரம் போடுங்க," என்றாள் தேவகி.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். பூவராகவன் சுருளைத் திருப்பிச் சுற்றிப் போட்டார். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். குடை மல்லாந்தது. பெண் சிரித்தாள். கூட்டம் நகர்ந்துபோனது.

"இம்மாம் சின்னப் பொண்ணா?" என்றாள் தேவகி. "நம்ம வடிவு பாவாடை கட்டிக்கினு இருந்த வயசுதானே இருக்கும் இதுக்கு. கன்னத்துல இன்னும் பால் சதை போவலை." அவள் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "இதும் மேலயா நான் இத்தினி வருஷம் எரிஞ்சுக்கினு இருந்தேன்? அட கடவுளே."

கோதண்டபாணி, "தேவகி..." என்று ஆரம்பித்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இப்போது அவள் முகத்தில் அழுகை இல்லை.

"செத்தவ மேல பொறாமைப்படுறியேன்னு என்னை எத்தினி நாள் ஏசியிருப்பீங்க? நீங்க பட்டது என்னவாம்? நான் கத்தினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். நீங்க வாயைத் திறக்காம என் அடுப்புல கொண்டுவந்து போட்டீங்க. எதுக்கு என் அடுப்புல போட்டீங்க?"

"நீதான் செஞ்சேன்னா... எல்லாரும் நம்புவாங்கன்னு..."

"நம்பினாங்க. எங்க அண்ணன்கூட நம்பிச்சு." தேவகி உள்ளே போனாள். ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தாள். "நீங்க 'போ'ன்னப்போ நான் போவலை. செய்யாத தப்புக்கு எதுக்குப் போவணும்? இப்ப போறேன், ஐயம்பேட்டைக்கு. எங்க அண்ணன் எதிர்ல, அந்தத் தெரு எதிர்ல, செஞ்சது யாருன்னு உங்க வாயால வந்து சொல்லுங்க. அப்புறம் பார்த்துக்கலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். கோதண்டபாணி சட்டையைத் தேடி, உள்ளும் புறமும் மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசல்வரை போய் நின்று திரும்பினார். பூவராகவன் கைமிஷினைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

"பூவராகா..."

"போடா. மொதல்ல பஸ்ஸைப் புடி," என்றார் பூவராகவன், அவர் பக்கம் திரும்பாமலே. "என்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடை மல்லாந்த கதையை நானே சொல்லியிருப்பேன்."

காசிநாதனும் சாமுவேலும் வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஊதாவும் பச்சையுமாக நூல் உலர்ந்த தெருக்களைத் தாண்டும்வரை சாமுவேல் பொறுத்திருந்தான்.

"சார், பெரியநாயகி சிரிக்கிற இடத்தில் பூவராகவன் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார். இரண்டு தடவையும்."

"பார்த்தேன்."

"அப்படியானால் கோதண்டபாணி சந்தேகப்பட்டதில் பாதி நிஜம். அந்தப் பெண் மனதில் ஒன்றுமில்லை. ஆனால் இவர் மனதில்..."

"அது அவர் சொந்த விஷயம். அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் நம்மகிட்ட வரலை."

அவர்களைத் தாண்டிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஐயம்பேட்டைப் பஸ் போனது. ஜன்னலோரம் தேவகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் துணிப்பை இருந்தது. கோதண்டபாணி அதற்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் பையை எடுக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவள் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு வந்தாள்.

"வந்து சொன்னாருங்க. எங்க அண்ணன் வூட்டு வாசல்ல நின்னு, தெருவுல போறவங்கல்லாம் நின்னு கேட்க, 'கொளுத்தினது நான்தான், இவ இல்லை'ன்னு சொன்னாரு. மூணு தரம் சொல்ல வச்சேன். எங்க அண்ணனுக்குக் காது மந்தம், இன்னும் கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்கன்னு."

"பாவம்," என்றான் சாமுவேல். "உங்கள் அண்ணனுக்குக் காது சரியாகக் கேட்காதா?"

"நல்லாக் கேக்கும்," என்றாள் தேவகி. தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, காசிநாதன் வீட்டுக்கு வரத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.